மீட்டர் ஒண்ணு சொல்லுது, பெடல் ஒண்ணு சொல்லுது

டீலர்கிட்ட செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினேன், மீட்டர்ல 42,000 கிலோமீட்டர்தான் ஆனா பிரேக் பெடல் ரப்பர் வழவழன்னு தேஞ்சு கெடந்துச்சு, அப்பவே சந்தேகம் வந்திருக்கணும், பெயிண்ட்ட பாத்து மயங்கிட்டேன். மூணாவது வாரமே கியர் விழ மாட்டேங்குது, கேட்டா "பழைய வண்டின்னா அப்படித்தான் சார்"ங்குறாரு. பில்லுல "உள்ளது உள்ளபடி"ன்னு ஒரு வரி வேற, அதாவது இருக்குற நெலமையிலயே வித்தாச்சு, அப்புறம் டீலர் பொறுப்பில்லன்னு. தெரிஞ்ச வக்கீல் அண்ணன்கிட்ட காட்டுனேன், மீட்டர திருப்பி வெச்சு வித்திருந்தா அது மோசடி, அந்த வரி டீலர காப்பாத்தாது, ஆனா ஆதாரம் வேணும்னாரு. பழைய சர்வீஸ் ரெக்கார்ட தேடி எடுத்தா ரெண்டு வருஷம் முன்னாடியே 71,000! காப்பி வெச்சு, பணத்த திருப்பிக் குடுங்கன்னு எழுத்துலயே குடுத்துட்டேன், போன்ல பேசினத அப்புறம் நிரூபிக்கிறது கஷ்டம். டீலர் போட்ட கார் விளம்பரத்தோட ஸ்கிரீன்ஷாட் இன்னும் போன்ல இருக்கு, நல்லவேளை அழிக்கல.