28 நாள் பயிற்சி முடித்தும் ‘ஓரியண்டேஷன் இல்லை’ என்றார்கள்: என் சி.ஏ.எஸ். அனுபவம்

போன மாதக் கடைசியில் அரியர்ஸ் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டது. இனி எழுதலாம். கோப்பு மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்த நாட்களில் இதைப் பற்றி வாய் திறக்கவே பயமாக இருந்தது.

சம்பள நிலையில் லெவல் 10-லிருந்து 11-க்குப் போகும் சி.ஏ.எஸ். (கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கான பதவி உயர்வுத் திட்டம்) விண்ணப்பம்தான் விஷயம். கணக்கு இதுதான்: 2018 யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறைப்படி பிஎச்.டி. இருந்தால் 4 வருடப் பணி, எம்.ஃபில். என்றால் 5, இரண்டும் இல்லை என்றால் 6. நான் பிஎச்.டி. முடித்துவிட்டுத்தான் 2019 ஜூலையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தேன். ஆக 2023 ஜூலையில் தகுதி. தேதியில் எந்தக் குழப்பமும் இல்லை. என்னை மாதக்கணக்கில் அலையவிட்டது ஒரு சான்றிதழின் தலைப்பில் இருந்த ஒரே ஒரு வார்த்தை.

ஆனால் அதற்கு முன்பே ஒரு அடி விழுந்தது. விண்ணப்பம் கேட்டு வந்த சர்க்குலர் என் கண்ணில் படவே இல்லை. துறைத் தலைவரின் மெயிலுக்கு மட்டும் போயிருக்கிறது, அவர் தேர்வுப் பணிக்காக வெளியூரில் இருந்தார், துறை அலுவலகத்தில் யாரும் அதை அச்செடுத்துப் பலகையில் ஒட்டவில்லை. பக்கத்துத் துறையில் என்னோடு ஒரே நாளில் சேர்ந்த ஒரு தோழி, “ஃபைல் கொடுத்துட்டீங்களா?” என்று சாதாரணமாகக் கேட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. அன்றைக்குக் கடைசித் தேதிக்கு ஒன்பது நாள்தான் பாக்கி.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. சர்க்குலர் வந்தால்தான் விண்ணப்பிக்க முடியும் என்று நான்கு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். விதிமுறையில் அப்படி இல்லை. தகுதித் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்தே, எல்லாத் தகுதியும் எனக்கு இருக்கிறது என்று ஆசிரியரே எழுதிக் கொடுக்கலாம். 2023 ஏப்ரலிலேயே நிதானமாகக் கொடுத்திருக்க வேண்டிய கோப்பை நவம்பரில் ஒன்பது நாளில் தைத்தேன். உங்கள் தகுதித் தேதியை இன்றைக்கே எண்ணிப் பாருங்கள், அதிலிருந்து மூன்று மாதம் பின்னால் போய் ஒரு குறி வையுங்கள். யாரும் கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

வகுப்பு எடுத்த கணக்கு, ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைகள், ஐ.க்யூ.ஏ.சி. (உள் தர உறுதிப் பிரிவு) கையெழுத்து எல்லாம் நான்கே நாளில் முடிந்துவிட்டன. பருவம் தவறாமல் கொடுத்து வைத்திருந்ததால் அங்கே ஒரு சிக்கலும் இல்லை. மூன்று பிரதி ஸ்பைரல் போட்டு, எல்லாப் பக்கத்திலும் சுய சான்றொப்பம் இட்டு, கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு ஆட்சிப் பிரிவுக்கு எடுத்துப் போனேன்.

கவுன்ட்டரில் இருந்தவர் பக்கங்களை வேகமாகப் புரட்டினார். பதவி உயர்வுக்குக் கட்டாயமான ஓரியண்டேஷன் பயிற்சியின் சான்றிதழ் வந்ததும் கை நின்றது. பென்சிலை எடுத்து ஒரு வார்த்தையைச் சுற்றி வட்டம் போட்டார். ‘இண்டக்‌ஷன்’.

“மேடம், ரூல்ல ஓரியண்டேஷன் கோர்ஸ், 21 நாள்னு இருக்கு. நீங்க ஃபேகல்டி இண்டக்‌ஷன் புரோகிராம்னு வச்சிருக்கீங்க. நாளும் 28-ன்னு இருக்கு. இது வேற, அது வேற.”

2021-ல் கொரோனா காலத்தில் ஆன்லைனில் முடித்த பயிற்சி அது. மூன்று வயதுக் குழந்தையை அடுத்த அறையில் விட்டுவிட்டு, 28 நாள் காலையிலிருந்து மாலை வரை திரைமுன் உட்கார்ந்து, ஒவ்வொரு அமர்வுக்கும் தனித்தனியாக வருகைப் படிவம் நிரப்பி, மாதிரி வகுப்பு எடுத்து, தேர்வு எழுதி, ‘ஏ’ கிரேடு வாங்கிய பயிற்சி. புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்காக யு.ஜி.சி. கொண்டுவந்த குரு தக்‌ஷதா வழிகாட்டுதல்படி நடந்தது. பழைய ஓரியண்டேஷனின் இடத்தில்தான் இது வந்தது என்று பயிற்சி நடத்தியவர்களே முதல் நாளில் சொன்னார்கள். இதையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் கோப்பை என் பக்கம் தள்ளிவிட்டார். “இந்த ரவுண்ட்ல கொடுக்காதீங்க. அடுத்த வருஷம் ஒரு ஓரியண்டேஷன் போயிட்டு வாங்க. இப்ப கொடுத்து ரிஜெக்ட் ஆனா உங்களுக்குத்தான் கஷ்டம்.”

அவர் சொன்ன கடைசி வரி பொய் இல்லை. முதல் மதிப்பீட்டில் தேறாவிட்டால் ஒரு வருடம் கழித்துத்தான் மறு மதிப்பீடு, தேறினாலும் பதவி உயர்வு நிராகரித்த நாளிலிருந்து ஒரு வருடம் கழித்த தேதியில்தான் கணக்காகும். ஆனால் அவர் சொன்ன யோசனையைக் கேட்டிருந்தாலும் இழப்பு அதேதான். புதிதாக ஒரு பயிற்சி முடிக்கும் தேதிதான் என் தகுதித் தேதி ஆகியிருக்கும். இது அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாயில் தொடங்கும் நிலையிலிருந்து 68,900-க்குப் போகும் ஒரு படி மட்டும் இல்லை. 11-லிருந்து 12-க்கு ஐந்து வருடம், அதற்கப்புறம் மூன்று, மறுபடி மூன்று என்று பேராசிரியர் ஆகும் வரை எல்லாத் தேதியும் வரிசையாகத் தள்ளிப்போகும். கவுன்ட்டரில் ஒருவர் வாய்மொழியாகச் சொன்ன ஒரு வாக்கியம் இவ்வளவு தூரம் நீளும் என்பதை அன்று இரவு கணக்குப் போட்டபோதுதான் உணர்ந்தேன். தூக்கம் வரவில்லை.

மறுநாள் தபால் பிரிவில் கோப்பைக் கொடுத்து இன்வர்டு எண் (வரவுப் பதிவு எண்) வாங்கினேன். இது தோழியின் யோசனை, காலத்துக்கும் நன்றி சொல்வேன். ஆட்சிப் பிரிவில் நேரடியாக நீட்டினால் திருப்பித் தரலாம், தபாலில் பதிவாகிவிட்டால் எழுத்தில்தான் பதில் சொல்ல வேண்டும். என் பிரதியில் முத்திரையும் எண்ணும் தேதியும் விழுந்த பிறகுதான் மூச்சு வந்தது. கடைசித் தேதிக்குள் கொடுத்தாயிற்று. இனி சான்றிதழைப் பற்றித்தான் வாதாட வேண்டும்.

பயிற்சி நடத்திய மையத்திடம், ‘இது ஓரியண்டேஷனுக்கு இணையானது’ என்று ஒரு கடிதம் வாங்கினால் போதும் என்று தோன்றியது. மெயில் போட்டேன், திரும்பி வந்துவிட்டது. சான்றிதழில் இருந்த தொலைபேசி எண்ணில் யாரும் எடுக்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது: மனிதவள மேம்பாட்டு மையம் என்று இருந்தவை எல்லாம் 2023-ல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையம் என்று பெயர் மாறிவிட்டன. நான் பழைய முகவரிக்கே எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். புதிய முகவரியைத் தேடி எழுதினேன். பத்து நாள் பதில் இல்லை.

சரி, நேரிலேயே போவோம் என்று ஒரு நாள் தற்செயல் விடுப்பு எடுத்துக்கொண்டு விடியற்காலை பஸ்ஸில் ஏறினேன். போக ஐந்து மணி நேரம். அங்கே போனால் இயக்குநர் ஒரு கூட்டத்துக்காக டெல்லி போயிருக்கிறார். “சார் வியாழக்கிழமைதான் வருவார் மேடம், போன் பண்ணிட்டு வந்திருக்கலாமே” என்றார் அலுவலக உதவியாளர். எந்த எண்ணுக்குப் போன் பண்ணியிருப்பேன்? ஆனால் அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பழைய பதிவேட்டை எடுத்து என் பெயர், பயிற்சித் தேதி, கிரேடு எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து, கடிதத்தின் வரைவையே தட்டச்சு செய்து என்னிடம் காட்டினார். “வேற ஏதாவது சேர்க்கணுமா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் என்னைக் காப்பாற்றியது. இரண்டு விஷயம் சேர்க்கச் சொன்னேன். ஒன்று, ‘இந்தப் பயிற்சி சி.ஏ.எஸ். பதவி உயர்வுக்கு ஓரியண்டேஷன் கோர்ஸுக்கு இணையாகக் கருதப்படும்’ என்ற வரி, அதற்கு ஆதாரமான யு.ஜி.சி. கடிதத்தின் நகலோடு. இரண்டாவது, ‘முன்பு மனிதவள மேம்பாட்டு மையம் என்று அழைக்கப்பட்ட’ என்று மையத்தின் பழைய பெயர். சான்றிதழில் ஒரு பெயர், கடிதத் தலைப்பில் இன்னொரு பெயர் என்றால் அதற்கும் ஒரு பென்சில் வட்டம் விழும் என்று எனக்கு அதற்குள் புரிந்துவிட்டது. வெறுங்கையோடுதான் திரும்பினேன், ஆனால் அடுத்த வாரம் கையெழுத்தான கடிதம் விரைவுத் தபாலில் வந்து சேர்ந்தது. அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

கடிதத்தோடு ஆட்சிப் பிரிவுக்குப் போனால் கவுன்ட்டர்காரர் அப்போதும் தயங்கினார். “சூப்பிரண்டு சாரைப் பாருங்க.” கண்காணிப்பாளர், “ஆடிட்ல கேப்பாங்களே” என்றார். இந்த இடத்தில்தான் முன்பெல்லாம் நான் எழுந்து வந்துவிடுவேன். அன்றைக்கு எழவில்லை. “சார், ஏத்துக்க முடியாதுன்னா எந்த விதிப்படின்னு எழுத்துல கொடுங்க, நான் பதிவாளருக்கு மேல்முறையீடு பண்ணிக்கிறேன்” என்று சொல்லி, அதையே ஒரு பக்க மனுவாகவும் எழுதி, மையத்தின் கடிதம், யு.ஜி.சி. கடிதம், 2021-ல் இந்தப் பயிற்சிக்குப் போக எனக்கு ஓ.டி. (பணிநிமித்த அனுமதி) கொடுத்த எங்கள் பல்கலைக்கழக ஆணை மூன்றையும் இணைத்து வைத்தேன். அந்த ஓ.டி. ஆணைதான் விஷயத்தை முடித்தது. அதன் பொருள் வரியில் எங்கள் அலுவலகமே ‘ஓரியண்டேஷன்/இண்டக்‌ஷன் பயிற்சி’ என்று எழுதியிருந்தது. கண்காணிப்பாளர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். தன் பிரிவின் கையெழுத்து அது. “இதை முதல்லயே வச்சிருக்கக் கூடாதா மேடம்?” என்றார். நியாயமான கேள்விதான். சான்றிதழ் இருக்கும்போது அனுமதி ஆணை எதற்கு என்று நினைத்து வைக்காமல் விட்டது என் தவறு. ஒவ்வொரு பயிற்சிக்கும் அனுமதி ஆணை, பணிவிடுப்பு ஆணை, திரும்பச் சேர்ந்த அறிக்கை, சான்றிதழ் நான்கையும் ஒன்றாகத் தைத்து வையுங்கள்.

ஜனவரி நடுவில் கோப்பு நகர்ந்தது.

இனி ஆராய்ச்சிக் கட்டுரை. சரிபார்ப்பில் இன்னொரு கேள்வி வந்தது: நீங்கள் கட்டுரை வெளியிட்ட இதழ் இப்போது யு.ஜி.சி. ஏற்ற இதழ்களின் ‘கேர்’ பட்டியலில் இல்லையே? 2020-ல் நான் வெளியிட்டபோது இருந்தது, பிறகு நீக்கியிருக்கிறார்கள். இது புதிய கதையும் இல்லை, 2018 மே மாதத்தில் பழைய அங்கீகாரப் பட்டியலிலிருந்து ஒரே நாளில் 4,305 இதழ்களை நீக்கியபோதும் நிறையப் பேர் இப்படித்தான் மாட்டிக்கொண்டார்கள். கேர் தளத்தில் அந்த இதழ் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை பட்டியலில் இருந்தது என்று போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தை அச்செடுத்து, கட்டுரையின் முதல் பக்கத்தோடு சேர்த்துக் கொடுத்தேன், தேதி பொருந்தியது, ஏற்றுக்கொண்டார்கள். இப்போது நிலைமை வேறு. 2025 பிப்ரவரியில் கேர் பட்டியலையே யு.ஜி.சி. கைவிட்டுவிட்டது. அதற்கு முந்தைய கட்டுரைகளை வைத்து இனிமேல் விண்ணப்பிக்கப் போகிறவர்கள், இதழ் பட்டியலில் இருந்ததற்கான ஆதாரத்தை எங்கிருந்தாவது இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள். உண்மையான இதழின் பெயரிலேயே போலித் தளம் நடத்தும் குளோன் இதழ்களும் உண்டு என்பதால், இதழின் அடையாளமான ஐ.எஸ்.எஸ்.என். எண்ணும் தளத்தின் முகவரியும் தெரிகிற மாதிரி அச்செடுங்கள்.

மதிப்பீட்டுக் குழு 2024-ல் கூடியது. துணைவேந்தரின் பிரதிநிதி, புல முதன்மையர், துறைத் தலைவர், வெளியிலிருந்து ஒரு பாட வல்லுநர். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. வல்லுநர் என் கட்டுரையைப் பற்றி அக்கறையாக இரண்டு கேள்வி கேட்டார், அவ்வளவுதான். ஓரியண்டேஷன் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. சான்றிதழ் நகலில் அந்தப் பென்சில் வட்டத்தை யாரோ அழித்திருந்தார்கள், காகிதத்தில் அதன் தடம் மட்டும் லேசாகத் தெரிந்தது.

சிண்டிகேட் (பல்கலைக்கழக ஆட்சிக் குழு) ஒப்புதல், ஆணை, சம்பள நிர்ணயம், தணிக்கை எல்லாம் மெதுவாக, ஆனால் சண்டை இல்லாமல் நடந்தன. ஆணையில் ‘2023 ஜூலை முதல்’ என்ற வரியைத்தான் முதலில் தேடினேன். இருந்தது. ஒரு நாள்கூடப் பிந்தவில்லை.

தோழிக்கும் அதே தேதியில் கிடைத்துவிட்டது. எங்கள் துறையில் 2022-ல் சேர்ந்த தம்பி ஒருவர் போன வாரம் தன் பயிற்சிச் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினார். அதிலும் ‘இண்டக்‌ஷன்’ என்றுதான் இருக்கிறது. மையத்தின் புதிய மின்னஞ்சல் முகவரியையும், எனக்கு வந்த கடிதத்தின் நகலையும் கொடுத்து, அன்று மதியமே அவரை உட்காரவைத்து ‘ஓரியண்டேஷனுக்கு இணையானது’ என்ற சான்று கேட்டு மெயில் அனுப்பவைத்தேன்.