பூநாரைக்கு ஒரு வெளிச்சம், மேடைக்கு ஒரு வெளிச்சம்

ஆந்திரத்தின் சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிக்கோட்டாவுக்குச் செல்லும் சாலை பழவேற்காடு ஏரியை நடுவே பிளந்துகொண்டு போகிறது. 2024 ஜனவரியில் முதன்முறையாக அங்கே போனபோது, வாடகைக்கு எடுத்த 200-500 மி.மீ. லென்ஸுடன் காலை 11 மணிக்குச் சாலையோரம் நின்றேன். இருபுறமும் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. இரவில் கணினியில் பார்த்தபோது ஒரு படத்தில்கூடப் பறவையின் விளிம்பு நேராக இல்லை. லென்ஸில்தான் கோளாறு என்று நினைத்தேன். ஆனால் சாலைக்கு மிக அருகே நின்ற ஒரு கொக்கின் படம் மட்டும் இறகு இறகாகத் தெளிந்திருந்ததைக் கண்ட பிறகே காரணம் புரிந்தது. சூடேறிய தாரும் சேற்றுப் பரப்பும் காற்றை அலைய வைத்திருக்கின்றன. அந்த அலையும் காற்றை ஊடுருவித்தான் முந்நூறு மீட்டருக்கு அப்பால் இருந்த பறவைகளை எடுத்திருக்கிறேன். கானலைக் கடக்கும் லென்ஸ் எந்த விலைக்கும் கிடைக்காது. குவியத்தூரம் கூடக் கூட அது கானலையும் சேர்த்தே பெரிதாக்கிக் காட்டும்.

அடுத்த ஆண்டு சூளூர்பேட்டையில் பூநாரைத் திருவிழா 2025 ஜனவரி 18 முதல் 20 வரை நடந்தது. சில ஆண்டுகள் நடைபெறாமல் இருந்த விழா மீண்டும் தொடங்கியதால் ஊரே நிறைந்திருந்தது. நான் விழாவுக்கு முந்தைய நாளே சென்னை மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து புறநகர் ரயிலில் புறப்பட்டு, சூளூர்பேட்டையில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். பையில் இருந்தவை நிக்கான் டி500 கேமரா ஒன்று, அதே 200-500 லென்ஸ், 85 மி.மீ. எஃப் 1.8, 16-80 மி.மீ. ஜூம் ஆகியவைதாம். டி500-இன் சென்சார் சிறியது என்பதால் 500 மி.மீ. அதில் முழுச்சட்டக் கேமராவின் 750 மி.மீ. போன்ற பார்வைக் கோணத்தைத் தருகிறது. ஏரியில் பறவைகள் நிற்கும் தொலைவுக்கு எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அந்த லென்ஸ் மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ளது என்றாலும் முக்காலியைக் கொண்டுபோகவில்லை. காரிலிருந்து இறங்கினால் கலைந்துவிடும் பறவைகள், கார் நின்றிருந்தால் பொருட்படுத்துவதில்லை. ஆகவே கார் சன்னலே என் மறைவிடம். லென்ஸைத் தாங்குவதற்காக வெறும் துணிப்பையாகக் கொண்டுபோயிருந்த பீன்பேக்கில் சித்தி தம் வீட்டு நெல்லூர் அரிசியைக் கொட்டி நிரப்பிக் கொடுத்தார். “வெயில் ஏறுறதுக்குள்ள போயிட்டு வந்துடுப்பா, அரிசியைத் திருப்பிக் கொண்டா” என்றார்.

மறுநாள் காலை ஆறரைக்கெல்லாம் சாலையில் இருந்தோம். சித்தப்பா கார் ஓட்டினார். ஜனவரியில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால், சாலைக்கு வடபுறத்து நீரில் நிற்கும் பறவைகளின் மீதுதான் முன்வெளிச்சம் விழும். தென்புறத்துப் பறவைகள் நிழலுருவங்களாகவே தெரியும். இதைச் சொன்னவுடன் சித்தப்பா வண்டியைத் திருப்பி வடக்கே பார்த்து நிறுத்தினார். பூநாரை நிற்கும்போது வெளிறிய வெண்மையாகத்தான் இருக்கிறது; சிறகை விரிக்கும்போதுதான் உள்ளே மறைந்திருந்த செம்மையும் கருமையும் வெளிப்படுகின்றன. அந்த நொடிக்காகவே ஷட்டரை 1/2000 விநாடியில் வைத்துக் காத்திருந்தேன். எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்கான ஒளியளவை, கேமராவிடமே விட்டால், சட்டம் நிறைய வெள்ளைப் பறவைகள் இருக்கையில் அது எல்லாவற்றையும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். ஆகவே +0.7 கூட்டி, ஹிஸ்டோகிராம் என்னும் ஒளிப்பரவல் வரைபடம் வலது முனையில் முட்டாதபடி பார்த்துக்கொண்டேன். பூநாரைகள் காற்றை எதிர்த்து நீர்மேல் ஓடித்தான் எழும்புகின்றன என்பதால், காற்று எங்கிருந்து வீசுகிறது என்று தெரிந்தால் எந்தத் திசையில் எழும் என்பதும் தெரிந்துவிடும். ஒன்பது மணிக்குக் கானல் தொடங்கியதும் கேமராவை மூடிவிட்டோம்.

அன்று மாலை விழா மேடையில் தங்கை, அதாவது சித்தியின் மகள், தன் பள்ளிக் குழுவுடன் கூச்சிப்பூடி ஆடினாள். அங்கே நீண்ட லென்ஸுக்கு வேலையில்லை. 85 மி.மீ. லென்ஸை எஃப் 2-இல் திறந்து, ஷட்டரை 1/250-க்கும் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 6400-க்கும் கொண்டுபோனேன். மேடையின் பின்புறம் கறுப்புத் திரையாக இருந்ததால், தானியங்கி முறையில் முகங்கள் வெளிறிப்போயின. ஒரு குழந்தையின் நெற்றியில் விழுந்த ஒளியை அளந்து, மேனுவலில் பூட்டிவிட்ட பிறகே அரிதாரமும் கண்மையும் படத்தில் நின்றன. சில எல்இடி விளக்குகளால் படங்களில் கோடுகள் விழுந்தன. மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்குப் பொருந்தும் 1/100-க்கு இறங்கியதும் அவை பெரும்பாலும் மறைந்தன. ஆனால் அந்த வேகத்தில் சுழலும் கை கலங்கிவிடும். எனவே பாதம் நின்று முகம் திரும்பும் கணங்களை மட்டுமே எடுத்தேன்.

ஞாயிறு விடியலில் நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயத்துக்குப் போனோம். அங்குள்ள ஏரியில், நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களின் மேல் கூழைக்கடாக்களும் நத்தைகுத்தி நாரைகளும் கூடுகட்டியிருந்தன. ஒரு கூழைக்கடா இணை தன் குஞ்சுக்கு இரை கொண்டுவந்து இறங்கியபோது வரிசையாகப் பத்துப் படங்கள் எடுத்தேன். பத்தும் வீண். மேடையில் வைத்த ஐஎஸ்ஓ 6400-உம் 1/250-உம் அப்படியே இருந்ததால், இறகெல்லாம் வெள்ளைத் தாளாகிச் சிறகுகள் கலங்கிப்போயின. அந்தத் தாய்ப்பறவை மீண்டும் வர ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அதற்குள் இங்கே பூநாரைச் சாலையின் கணக்கு செல்லாது என்பதையும் கண்டுகொண்டேன். பறவை வெளிச்சமான வானிலிருந்து இருண்ட பச்சை மரத்துக்குள் இறங்குவதால், பின்னணி மாறும்போதெல்லாம் தானியங்கி அளவீடும் தாவுகிறது. பறவையின் மேல் விழும் ஒளியோ மாறுவதேயில்லை. ஆகவே வெயில் பட்ட வெள்ளை இறகை அடிப்படையாகக் கொண்டு 1/2000, எஃப் 6.3, ஐஎஸ்ஓ 500 என்று மேனுவலில் நிறுத்திவிட்டேன். காவலாகச் சுற்றிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “தம்பி, எச்சம் விழுற தண்ணி பாயுற வயல்ல உரமே வேண்டாம். அதுங்கள வெரட்டாம எடுங்க” என்று தமிழில் சொன்னார். அவர் சொன்னதைக் கேட்டு, பாதையை விட்டு ஓரடியும் நகராமல் நின்றேன். அந்த இணை திரும்பிவந்த படத்தில் குஞ்சின் அலகு தாயின் அலகுப் பைக்குள் முழுதாக நுழைந்திருப்பது தெளிவாகத் தெரிகிறது.

மாலையில் தடாவுக்கு அருகே பீமுலவாரிபாளையத்தில் படகேறினோம். படகு ஆடுகையில் 500 மி.மீ. பயனற்றது என்பதால் 16-80 மட்டும் எடுத்துப்போனேன். வலை உதறுபவர்கள், துடுப்பு, தாழ்ந்த வானம் எல்லாவற்றுக்கும் அதுவே ஏற்றது. உப்புத்தண்ணீர் தெறித்த லென்ஸை உலர்ந்த துணியால் தேய்க்காமல், முதலில் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றியெடுத்தேன். உப்புத்துகள் கண்ணாடிப் பூச்சைக் கீறிவிடும்.

திங்கட்கிழமை சூளூர்பேட்டை ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கும்போது, கேமராவை எடுத்து ஐஎஸ்ஓவை 500-க்கும் ஷட்டரை 1/2000-க்கும் மாற்றி வைத்தேன். அரிசியை விடியற்காலையிலேயே சித்தியிடம் திருப்பிக் கொடுத்திருந்தேன்.