ரீஸ்லிங் பாதையில் ஒரு குளிர்ந்த பாட்டில்

ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினை வெயிலில் எடுத்துக்கொண்டு போக நினைப்பவர்கள் முதலில் பாட்டிலின் உயரத்தைப் பாருங்கள். சாதாரண ஒயின் பாட்டில் 30 செ.மீ. உயரம் இருக்கும். ரீஸ்லிங் பாட்டில் ஒல்லியானது, தோள் இல்லாமல் சரிந்து மேலே போகும், 33 செ.மீ.யையும் தாண்டலாம். கடைகளில் கிடைக்கும் கூலர் பைகளில் பல, குட்டைப் பாட்டிலுக்கு அளவெடுத்துத் தைத்தவை. ரீஸ்லிங்கை உள்ளே வைத்தால் ஜிப் மூடாது. ஷாம்பெயின் வகைப் பாட்டிலில் சிக்கல் வேறு: அது பருமன், உள்ளேயே இறங்காது.

இந்த ஆராய்ச்சியெல்லாம் தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்குக்காக. அடிலெய்டிலிருந்து வடக்கே 130 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். அங்கே ஆபர்னில் தொடங்கி வாட்டர்வேல், பென்வொர்த்தம், செவன்ஹில், கிளேர் என்று ஊர் ஊராகப் போகிற ‘ரீஸ்லிங் டிரெயில்’ சைக்கிள் பாதை இருக்கிறது. ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம். 1983 பிப்ரவரியில் வந்த ‘ஆஷ் வெட்னஸ்டே’ காட்டுத்தீ தண்டவாளத்தைச் சிதைத்தது, அப்புறம் ரயில் திரும்பவே இல்லை. ரயில் பாதை என்பதால் செங்குத்தான ஏற்றம் கிடையாது. இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், நடுநடுவே யூகலிப்டஸ் மரங்கள். கோடையின் கடைசியில் போனோம். வெயில் 35 டிகிரிக்குப் பக்கம், காற்றில் ஈரமே இல்லை.

ரீஸ்லிங்கின் எலுமிச்சை மணமும் புளிப்பும் 8 டிகிரியை ஒட்டித்தான் நன்றாகத் தெரியும். 15ஐத் தாண்டினால் அந்தக் கூர்மை போய்விடும். ஃப்ரிட்ஜின் 4 டிகிரியில் அப்படியே குடித்தால் மணம் அடங்கிக் கிடக்கும். ஆகவே நமக்கு வேண்டியது உறையவைக்கும் பெட்டி அல்ல, இருக்கிற குளிர்ச்சியைக் கட்டிக்காக்கும் ஒன்று.

அடிலெய்டில் என் அத்தை மகன் வீட்டில் எஸ்கி இருந்தது. ஆஸ்திரேலியாவில் ஐஸ் பெட்டி எதுவானாலும் எஸ்கிதான். காரில் போகிறவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. 25 டிகிரியில் இருக்கும் ஒரு பாட்டிலை 8 டிகிரிக்கு இறக்க ஏறக்குறைய 180 கிராம் ஐஸ் உருக வேண்டும். ஆகவே ஒரு சின்னப் பை ஐஸ் இரண்டு மூன்று பாட்டிலுக்குத் தாங்கும். வெறும் ஐஸைக் கொட்டாமல் கொஞ்சம் தண்ணீரும் ஊற்றினால் பாட்டிலைச் சுற்றி எல்லாப் பக்கமும் குளிர் படும், வேகமாகக் குளிரும். ஒன்று மட்டும்: நிறுத்திய காருக்குள் வெயில் நேரத்தில் 60 டிகிரிகூட ஏறும். எஸ்கியைக் காரில் விட்டுவிட்டு ஊர் சுற்றப் போனால் எந்தப் பெட்டியும் காப்பாற்றாது. இறக்கி நிழலில் வையுங்கள்.

“சரி மச்சான், இதை சைக்கிள்ல எப்படிக் கட்டுவ?” என்று அவன் கேட்டான். அங்கேதான் எஸ்கி அடிபட்டுப் போனது.

அடுத்து ஜெல் உறை. ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்து, பாட்டிலுக்கு மாட்டுவது. வீட்டு மொட்டை மாடிக்கு அருமை. சைக்கிள் பாதையில் உறை இளகிய பிறகு திரும்ப உறையவைக்க இடம் கிடையாது, ரீஸ்லிங்குக்குக் கழுத்துப் பக்கமும் திறந்தே இருக்கும். பாட்டிலை அப்படியே இறக்கிவைக்கும் இரட்டைச் சுவர் எஃகுக் குவளை இன்னொன்று. மேஜையில் வைத்துக் குடிக்க அழகானது. ஆனால் பாட்டிலின் கனமும் குவளையின் கனமும் சேர்ந்து ஒன்றரைக் கிலோவைத் தாண்டும், மேல்பக்கமும் மூடாது.

கடைசியில் நாங்கள் எடுத்தது சாதாரண வெற்றிட பிளாஸ்க். 750 மி.லி., ஒரு பாட்டில் ஒயின் அப்படியே கொள்ளும். இரண்டு எஃகுச் சுவர்களுக்கு நடுவே காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவதால் சுவர் வழியாக வெப்பம் உள்ளே போவது மிகவும் குறைவு. நுழைவதில் பெரும்பகுதி வாய் வழியாகத்தான். அதனால் வாங்கும்போது உடம்பைவிட மூடியைக் கவனிக்க வேண்டும். தடித்த மூடி, குறுகிய வாய், கழற்றிக் கழுவக்கூடிய ரப்பர் வளையம், இந்த மூன்றும் இருந்தால் போதும். அட்டையில் போட்டிருக்கும் ‘24 மணி நேரம்’ என்னை ஈர்க்கவில்லை. மூடியைத் திறந்து திறந்து ஊற்றும் நமக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

எஃகில் ஊற்றினால் ஒயின் கெட்டுவிடாதா என்று பலர் தயங்குகிறார்கள். ஒயினரிக்குள் எட்டிப் பார்த்தால் தெரியும், இங்கே ரீஸ்லிங்கைப் பெரும்பாலும் எஃகுத் தொட்டிகளில்தான் புளிக்கவைக்கிறார்கள். கெடுப்பது பழைய காபி வாடைதான். அது ரப்பர் வளையத்தில் ஒட்டிக்கொண்டு லேசில் போகாது. ஒயினுக்கென்று தனி பிளாஸ்க் வையுங்கள். நுரைக்கும் ஒயினை மட்டும் ஊற்ற வேண்டாம், அதன் அழுத்தத்தைத் தாங்க இந்த மூடிகள் செய்யப்படவில்லை.

காலையில் பிளாஸ்க்கில் ஐஸ் தண்ணீர் ஊற்றி மூடிவைத்துக் கிளம்பினோம். வாட்டர்வேலில் ஒரு செல்லர் டோரில் (ஒயினரியிலேயே சுவைத்துப் பார்த்து வாங்கும் இடம்) சுவைத்துப் பார்த்து, ஃப்ரிட்ஜிலிருந்தே ஒரு பாட்டில் வாங்கினோம். திருகு மூடி, கார்க் திருகி தேவையில்லை. 2000ஆம் ஆண்டு அறுவடையில் கிளேர் தயாரிப்பாளர்கள் பலர் சேர்ந்து ரீஸ்லிங்குக்குத் திருகு மூடி போடத் தொடங்கினார்கள். வெளியில் குடிப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம்! ஐஸ் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஒயினை விளிம்பு வரை ஊற்றினோம். உள்ளே காற்றுக்கு இடம் விடக் கூடாது, மணம் போகும். காலிப் பாட்டிலை அங்கேயே கொடுத்துவிட்டோம்.

பென்வொர்த்தம் தாண்டி ஒரு மர நிழலில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கு ஒரு சின்ன டம்ளர் மட்டும் ஊற்றிக்கொண்டோம். வாய் கூசும் அளவுக்குக் குளிர். டம்ளரில் கொஞ்ச நேரம் இருந்ததும் மணம் எழுந்தது. ஒரு பாட்டில் ரீஸ்லிங்கில் ஏழு ‘ஸ்டாண்டர்ட் டிரிங்க்’ (ஆஸ்திரேலியாவில் மதுவின் அளவைச் சொல்லும் அலகு) அளவு மது இருக்கும், லேபிளிலேயே போட்டிருப்பார்கள். சைக்கிள்தானே என்று நினைக்காதீர்கள், போதையில் சைக்கிள் ஓட்டுவதும் அங்கே குற்றம். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, மீதியை மூடி வைத்துக்கொண்டு நகர்ந்தோம்.

செவன்ஹில்லில் இறங்காமல் போகாதீர்கள். இயேசு சபைத் துறவிகள் பூசைக்கான ஒயினுக்காக 1851இல் திராட்சைக் கொடி நட்ட இடம், இந்தப் பள்ளத்தாக்கின் முதல் ஒயினரி. இன்றும் பூசை ஒயின் தயாரிக்கிறார்கள். கல்லால் கட்டிய தேவாலயமும் பக்கத்திலேயே. அங்கே எங்கள் பிளாஸ்க் பைக்குள்ளேயே இருந்தது. ஓர் ஒயினரியின் புல்வெளியில் இன்னொருவருடைய ஒயினைத் திறப்பது மரியாதை இல்லை.

கிளேரில் தங்கிய வீட்டில் மேஜைமேல் மெருகு பூசாத சுடுமண் ஜாடி ஒன்று இருந்தது. தண்ணீரில் ஊறவைத்து, பாட்டிலை உள்ளே நிறுத்தினால் போதும். நம் ஊர் மண்பானை மாதிரி, ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகிறது. கிளேரின் வறண்ட காற்றில் அது நன்றாகவே வேலை செய்தது. சென்னைக்கு ஒன்று வாங்கிப் போகலாமா என்று யோசித்தேன். கடற்கரை ஊரின் ஈரக் காற்றில் அவ்வளவாகக் குளிராது என்பதால் வாங்கவில்லை. மதுரைப் பக்கம் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம்.