சூப்பர் மார்க்கெட் கேஸும் மாமா கேட்ட வாடகைக் கேள்வியும்

எம்.பி.ஏ. மூன்றாம் செமஸ்டரில் எனக்கு ஒரு அரியர் விழுந்தது. சர்வதேச வணிக உத்தி பேப்பர். அதில் 30 மார்க்குக்கு ஒரு கேஸ் வரும், அதாவது ஒரு நிறுவனத்தின் கதையையும் கணக்கு அட்டவணைகளையும் கொடுத்து முடிவு கேட்பார்கள், கட்டாயக் கேள்வி, சாய்ஸ் கிடையாது. சொந்த நாட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனம் வெளிநாட்டில் பத்துக் கடை திறக்க நினைக்கிறது, திறக்கலாமா என்று மதிப்பிட வேண்டும். நிறுவனத்தின் பெயர் மாறும், நாடு மாறும், கேள்வி மட்டும் மாறாமல் வந்துகொண்டே இருக்கிறது. அதனால் நான் எங்கே கோட்டை விட்டேன், இரண்டாவது தடவை என்ன செய்தேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

முதல் தடவை பன்னிரண்டு பக்கம் எழுதினேன். பெஸ்டெல்லின் ஆறு தலைப்புகள் (அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம், சுற்றுச்சூழல், சட்டம்), போட்டியை அளக்கும் போர்ட்டரின் ஐந்து சக்திகள், பலம்-பலவீனம்-வாய்ப்பு-அச்சுறுத்தல் என்று நிரப்பும் ஸ்வாட் கட்டம், எல்லாம் வரிசையாக, அடிக்கோடெல்லாம் போட்டு. வெளியே வந்ததும் தோழிகளிடம் பெருமையாகச் சொன்னேன். ரிசல்ட் வந்தபின் பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தால், பெஸ்டெல் எழுதிய நான்கு பக்கத்துக்கும் சேர்த்து 5 மார்க், ஓரத்தில் சிவப்பு மையில் ‘ஸோ?’ என்று ஒரே சொல். அந்த நாட்டில் பணவீக்கம் அதிகம் என்று எழுதியிருந்தேன். சரி, அதனால் கடை திறக்கலாமா கூடாதா? அதை நான் எங்கேயுமே எழுதவில்லை. கடைசிப் பக்கத்தில் ‘கவனமாகச் செயல்பட்டால் வெற்றி பெறலாம்’ என்று முடித்திருந்தேன். இப்போது படித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரி. பாலக்காடு மாவட்டம்தான், ஆனாலும் எங்கள் தெருவில் காது கொடுத்தால் தமிழ்தான் கேட்கும். படித்தது கோயம்புத்தூரில். ஊரில் என் தாய்மாமா பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அரியர் விழுந்த வாரம், பொழுது போகாமல், அந்தக் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் அட்டவணையில் இருந்த எண்களை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு கடை திறக்க 12 கோடி. மூன்றாம் ஆண்டிலிருந்து விற்பனை வருடத்துக்கு 40 கோடி. அதில் செயல்பாட்டு லாபம் 4 சதவீதம், அதாவது 1.6 கோடி. பன்னிரண்டை 1.6-ஆல் வகுத்து ஏழரை வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும் என்று பரீட்சையில் எழுதியிருந்தேன். மாமா துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டே கேட்டார்.

“அதெல்லாம் சரி கண்ணு, கட்டடம் எத்தனை வருசத்துக்கு எழுதிக் குடுக்கறான்?”

“அது கேள்வியில இல்லீங்க மாமா.”

“இல்லாம இருக்காது, பாரு.”

பார்த்தேன். நான்காம் அட்டவணைக்குக் கீழே, எறும்பு ஊர்வதுபோல் பொடி எழுத்தில் இரண்டு குறிப்புகள் இருந்தன. குத்தகைக் காலம் 9 ஆண்டு. முதல் இரண்டு ஆண்டுகளில் ஒரு கடைக்கு மொத்தம் 1.5 கோடி நஷ்டம் எதிர்பார்க்கப்படுகிறது. ஆக, திரும்ப எடுக்க வேண்டியது 12 இல்லை, பதின்மூன்றரை. லாபம் தொடங்குவதும் மூன்றாம் ஆண்டில்தான். 13.5-ஐ 1.6-ஆல் வகுத்தால் 8.4 வருடம், முன்னால் போன 2 வருடத்தைக் கூட்டினால் 10.4. பணம் திரும்புவதற்கு முன்பே குத்தகை முடிந்துவிடுகிறது! அதற்கு மேல் அந்த நாட்டு நாணயம் பத்து சதவீதம் சரிந்தால் 1.6 கோடி நம் கணக்கில் 1.44 ஆகும், பதினோரு வருடத்தையும் தாண்டிவிடும். கேஸின் உயிரே அந்த இரண்டு வரியில்தான் இருந்தது, நான் அதைத் தாண்டிப் போய் ஸ்வாட் கட்டத்துக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

அதனால் முதல் விஷயம்: கேஸைக் கதையாகப் படிப்பதற்கு முன் அட்டவணைகளைப் படியுங்கள், அதிலும் அடிக்குறிப்பை முதலில். சூப்பர் மார்க்கெட் தொழிலில் நூறு ரூபாய்க்கு விற்றால் கையில் நிற்பது சில ரூபாய்தான், பல இடங்களில் இரண்டு மூன்றுகூடத் தேறாது. இவ்வளவு மெல்லிய லாபத்தில் வாடகை, சரக்கு வந்துசேரும் செலவு, வீணாகும் காய்கறி, இதில் எது விற்பனையில் ஒரு சதவீதம் அளவுக்கு நகர்ந்தாலும் தீர்ப்பே மாறிவிடும். லாப சதவீதத்தை 4-லிருந்து 2.5-க்கு இறக்கி ஒருமுறை போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. ஆனால் பலர் அதைச் செய்வதில்லை, அதனாலேயே மார்க் விழுகிறது.

இன்னொன்றும் அட்டவணையில் ஒளிந்திருந்தது. உள்நாட்டில் புதுக்கடை திறக்க 9 கோடி, வருட லாபம் 1.5 கோடி, ஆறே வருடத்தில் பணம் திரும்பிவிடும். வெளிநாட்டுக் கடையைச் சும்மா இருப்பதோடு ஒப்பிடக் கூடாது. அதே பணத்தில் உள்ளூரில் திறக்கக்கூடிய அடுத்த கடையோடுதான் ஒப்பிட வேண்டும். உள்ளூரில் இனி இடமே இல்லை என்றால் அது வேறு கதை, அதைக் கேஸில் தேடிக் கண்டுபிடித்து எழுத வேண்டும்.

அடுத்தது, தூரம். பங்கஜ் கெமாவத் 2001-இல் முன்வைத்த ‘கேஜ்’ சட்டகத்தை எல்லோரும் மனப்பாடம் செய்கிறோம்: கலாச்சாரத் தூரம், நிர்வாகத் தூரம், நிலத் தூரம், பொருளாதாரத் தூரம். எனக்கு இது புரிந்தது மாமா கை சுட்டுக்கொண்ட கதையில்தான். சில வருடங்களுக்கு முன் இரண்டாவது கடை போட நினைத்தார். பொள்ளாச்சியா, பாலக்காடு டவுனா? பொள்ளாச்சி என்றால் கோபாலபுரம் தாண்டி வேறு மாநிலம், ஜி.எஸ்.டி. பதிவு தனி, எங்கள் பக்கத்து எண் 32-இல் தொடங்கும், அந்தப் பக்கம் 33. இந்தக் கடைச் சரக்கை அந்தக் கடைக்கு அனுப்பினால்கூடப் பில் போட்டு வரி காட்டியாக வேண்டும். இந்தத் தலைவலி எதற்கு என்று பாலக்காட்டிலேயே போட்டார். ஒரே மாநிலம், ஒரே ஜி.எஸ்.டி. பதிவு, ஒரே பஸ்.

பதினான்கு மாதத்தில் ஷட்டரை இறக்கினார். அவர் அடுக்கியது பொன்னி அரிசியும் கடலை எண்ணெயும். வந்தவர்கள் கேட்டது மட்டை அரிசியும் தேங்காய் எண்ணெயும். மட்டை அரிசி வாங்கி வைத்தார், ஆனால் எந்த மில் அரிசியை அந்தத் தெரு நம்புகிறது என்று அவருக்குத் தெரியாது. பொங்கலுக்குச் சரக்கு நிறைத்தார், ஓணத்துக்குப் பத்தாமல் போனது. அரசாங்கம் போட்ட எல்லைக்கோடு பொள்ளாச்சிப் பக்கம் இருந்தது, அடுப்படிக் கோடு பாலக்காட்டுப் பக்கம் இருந்தது. பலசரக்குக்கு எந்தக் கோடு முக்கியம்? சிமென்ட் விற்பவருக்கு வேறு பதில் வரும். நான்கு தூரத்தையும் சம அளவில் எழுதாமல், இந்தத் தொழிலுக்கு எந்தத் தூரம் கொல்லும் என்று ஒன்றை மட்டும் பிடித்து எழுதுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

நிஜ உதாரணங்கள் நிறைய உண்டு, ஆனால் கதை சொல்ல உட்காராதீர்கள். ஒரு உதாரணத்துக்கு இரண்டு வரி, மூன்றாவது வரி கண்டிப்பாக உங்கள் கேஸுக்குத் திரும்பி வர வேண்டும். அமெரிக்காவின் வால்மார்ட் 1997-இல் ஜெர்மனிக்குள் போய் அடுத்தடுத்து இரண்டு வெவ்வேறு கடைக் குழுமங்களை வாங்கியது, 2006-இல் 85 கடைகளை மெட்ரோ என்ற ஜெர்மன் நிறுவனத்திடம் விற்றுவிட்டு வெளியேறியது. வாசலில் ஊழியர்கள் சிரித்து வரவேற்றதை ஜெர்மானியர்கள் ரசிக்கவில்லை என்பதையே மாணவர்கள் எல்லோரும் எழுதுவார்கள். அது சுவையான சங்கதிதான். ஆனால் அதைவிட அழுத்தமானது வேறு: ஆல்டி, லிடில் என்ற ஜெர்மன் மலிவு விலைக் கடைகள் ஏற்கெனவே அடிமட்ட விலையில் விற்றுக்கொண்டிருந்த ஊரில் ‘எங்களிடம் விலை குறைவு’ என்ற ஆயுதம் மொண்ணையாகிவிட்டது, போதாக்குறைக்கு 2000-இல் அந்த நாட்டுப் போட்டி ஆணையம் பால், வெண்ணெய் போன்றவற்றை அடக்க விலைக்கும் கீழே விற்கக் கூடாது என்று இந்த மூன்று நிறுவனங்களையும் தடுத்தது. உங்கள் கேஸில் உள்ள நிறுவனத்தின் பலம் அந்த நாட்டிலும் பலமாகவே இருக்குமா? அதுதான் கேள்வி.

டார்கெட் என்ற அமெரிக்கக் கடை நிறுவனம் கனடாவுக்குப் போன கதையும் குத்தகையோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. 2011-இல் ஜெல்லர்ஸ் என்ற கனடிய நிறுவனத்தின் கடைக் குத்தகைகளை சுமார் 180 கோடி கனடிய டாலருக்கு எடுத்துக்கொண்டு, 2013-இல் ஒரே வருடத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளைத் திறந்தது. கணினியில் சரக்கு விவரங்கள் தப்பும் தவறுமாக ஏறியதால் கிடங்கில் பொருள் குவிந்து கிடக்க, கடையில் அலமாரி காலி. 2015 ஜனவரியில் 133 கடைகளையும் மூடுவதாக அறிவித்தது. கனடா அமெரிக்காவுக்குப் பக்கத்து நாடு, பெரும்பாலும் மொழியும் ஒன்று. பக்கத்தில் இருப்பது போதாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் லுலு சூப்பர் மார்க்கெட் நிறுவனத்தை எழுதுவார்கள், பாலக்காட்டில் 2023-இல் மால் வந்தபின் இன்னும் அதிகம். எழுதலாம், தப்பில்லை. ஆனால் லுலுவின் முதலாளி யூசுப் அலி தொழில் வளர்த்தது அபுதாபியில், அங்கே மலையாளி வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே இருந்தார்கள் என்பதைச் சேர்த்து எழுதுங்கள். ஆள் முதலில் போய்விட்ட இடத்துக்குக் கடை பின்னால் போவது ஒரு வகை, தெரிந்தவர் யாருமே இல்லாத ஊருக்குப் போவது இன்னொரு வகை.

எப்படி நுழைவது என்பதற்கு பிரான்ஸின் கார்ஃபூர் கடை நிறுவனம் ஒன்றே போதும். வளைகுடாவில் 1995 முதல் மஜித் அல் ஃபுத்தைம் என்ற உள்ளூர் நிறுவனம் கார்ஃபூர் பெயரைப் பயன்படுத்த உரிமம் வாங்கிக் கடை நடத்தி வளர்ந்தது. இந்தியாவிலோ கார்ஃபூர் 2010-இல் நேரடியாக மொத்த வியாபாரக் கடையாக வந்து, 2014-இல் ஐந்து கடைகளையும் மூடிவிட்டுப் போனது. இங்கே பல பிராண்டு சில்லறைக் கடைகளில் அந்நிய முதலீட்டை 2012-இல் 51 சதவீதம் வரை அனுமதித்தாலும், முடிவை அந்தந்த மாநிலத்திடம் விட்டார்கள், தமிழ்நாடு, கேரளம் இரண்டும் வேண்டாம் என்றன. அதாவது நாடு ‘சரி’ என்றாலும் கடை இருக்கும் ஊர் ‘இல்லை’ என்று சொல்லலாம்.

இரண்டாம் தடவை வேறு கேஸ், வேறு நாடு. முதல் இருபது நிமிடம் பேனாவைத் தொடவில்லை, அட்டவணைகளில் பென்சிலால் வட்டம் மட்டும் போட்டேன். விடையின் முதல் வரியிலேயே தீர்ப்பை எழுதினேன்: இப்போது பத்துக் கடை வேண்டாம், உள்ளூர்க் கூட்டாளியோடு இரண்டு நகரங்களில் மூன்று கடை, இரண்டு வருடம். அதற்குக் கீழே ஒரே ஒரு கணக்கு, மூன்று காரணம், அப்புறம் எது மாறினால் என் தீர்ப்பும் மாறும் என்று நான்கு வரி. கடைசியாகச் சொன்ன அந்த நான்கு வரியை விட்டுவிடாதீர்கள்: விற்பனை எவ்வளவு தொட்டால் மீதிக் கடைகளைத் திறக்கலாம், எதற்குக் கீழே போனால் மூடிவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று எண்ணாகவே எழுத வேண்டும். பெஸ்டெல் முக்கால் பக்கம்தான் வந்தது. மொத்தமே ஆறு பக்கம். 30-க்கு 23.

மாமா இப்போது மறுபடியும் பொள்ளாச்சியில் கடை பார்க்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, “படிச்ச புள்ள, நீயே போட்டுச் சொல்லு கண்ணு” என்றார். முதல் பக்கத்தில் முதல் வரியே வாடகைக் காலம்: 5 வருடம். அதற்கு அடுத்த வரியில் அட்வான்ஸ் எவ்வளவு என்று எழுதி அடித்திருக்கிறார், மறுபடி எழுதி மறுபடி அடித்திருக்கிறார். அதை முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கால்குலேட்டரை எடுக்க வேண்டும்.