ஆல்டோவில் ஒரு படுகப் பாட்டு

எங்கள் பாடகர் குழுவின் புத்தாண்டு நிகழ்ச்சிக்கு ஆல்டோவில் (பெண் குரல்களில் தாழ்ந்த பகுதி) மூன்று பேர் வரவில்லை. நீலகிரிப் படுகர்களின் ஹெத்தையம்மன் திருவிழா; கோத்தகிரிப் பக்கம் மார்கழியில் இது வழக்கம்தான். மதிப்பெண்ணைக் குறைக்க மனசு வரவில்லை. சும்மா போட்டுவிட்டால், உறைபனியில் ஒத்திகைக்கு வந்தவர்கள் என்னை விடமாட்டார்கள்.

சரி, ஈடாக ஒரு வேலை கொடுத்தேன். வீட்டுப் பாட்டியிடம் ஒரு படுகப் பாட்டைக் கற்று, டோனிக் சோல்ஃபாவில் (சுரங்களை டோ, ரே, மி என்று எழுதும் முறை) எழுதி, ஆல்டோ சேர்க்க வேண்டும். வரிகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதிவிட்டார்கள். டோ, ரே, மி போடும்போதுதான் சிக்கல். பாட்டி ஒவ்வொரு முறையும் வேறு சுருதியில் தொடங்குகிறாராம்.

"எதை எழுதறது மிஸ்?"

சோல்ஃபாவில் டோ நகரும், சுருதி எங்கே போனாலும் எழுத்து அதேதான் என்றேன். பாட்டிக்கு இது முன்பே தெரியும்போல!

இப்போது நிகழ்ச்சிக்கு வந்தவர்களும் கூடுதல் மதிப்பெண்ணுக்கு அதே வேலையைக் கேட்கிறார்கள்.