கணக்கு நகராமல் நிற்கும் நேரத்துக்கு

கணிதம் படிக்கும்போது கவனம் எப்போது கலைகிறது என்று கவனித்தால் ஒன்று புலப்படும். கணக்கு நகர்ந்துகொண்டிருக்கும்வரை பக்கத்து வீட்டு டிவி சத்தம்கூடக் காதில் விழாது. ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு எப்படிப் போனார்கள் என்று புரியாமல் நிற்கும் நிமிடத்தில்தான் கை போனைத் தேடும், தாகம் எடுக்கும், மேசையை அடுக்கத் தோன்றும். அதனால் தாள், பேனா, காபி, நடை எல்லாவற்றையும் ஒரே கேள்வியால் அளக்கிறேன்: முட்டி நிற்கும் அந்த நிமிடத்தில் இது உதவுகிறதா?

முதலில் தாள். கோடு போட்ட நோட்டு கணிதத்துக்குச் சரிவராது. பின்னமும் தொகையீடும் கோட்டுக்குள் அடங்காமல் எழுத்து நசுங்கும், படம் வரைய மனம் வராது. கோடில்லாத ஏ4 தாளைக் குறுக்குவாட்டில் வைத்து, வலப்பக்கம் மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக விடுங்கள். இடப்பக்கம் நிரூபணம் ஓடட்டும். வலப்பக்கம் படமும், சின்னச் சோதனைக் கணக்கும், ‘இது ஏன்?’ என்ற கேள்வியும். ஜெராக்ஸ் கடையில் ஒருபக்கம் அச்சாகி வீணான தாள் கிடைத்தால் இன்னும் நல்லது. புதுத் தாளில் தப்பாக எழுதிவிடுவோமோ என்ற தயக்கம் பலருக்கு இருக்கிறது. பழைய தாளில் அது வருவதில்லை.

தாளின் மூலையில் தேதியும் வரிசை எண்ணும் போட்டு, பரீட்சை அட்டையில் கிளிப் மாட்டிவிடுங்கள். மின்விசிறி கலைத்துப்போட்ட எட்டுத் தாளை வரிசைப்படுத்துவதற்குள் யோசனை போய்விடும். வெயில் காலத்தில் வியர்வைக் கை தாளோடு ஒட்டி, எழுதியது கலங்கும். மணிக்கட்டுக்கு அடியில் மடித்த கைக்குட்டை ஒன்று போதும்.

தப்பான வரியை அழிக்க வேண்டாம், ஒற்றைக் கோடு போட்டு அடித்தால் போதும். அரை மணி கழித்து விடை முரண்படும்போது, எங்கே வழி பிரிந்தது என்று காட்டுவது அந்த அடித்த வரிதான். ராமானுஜன் தாள் வாங்க வசதியில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் நோட்டில் எழுதிவைத்தார். வழிகள் சிலேட்டோடு போயின. அந்த நோட்டுகளில் இருந்தவற்றுக்கு நிரூபணங்களைத் திரட்டி அமெரிக்கக் கணிதவியலாளர் புரூஸ் பெர்ண்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாகப் பதிப்பிக்க வேண்டியிருந்தது. தாள் கைக்கெட்டும் நமக்கு வழியைக் காப்பாற்றாமலிருக்கக் காரணமே இல்லை.

எழுதுகோல் விஷயத்தில் பிடிவாதம் பிடிப்பதில் தப்பில்லை. ஜப்பானின் ஹகோரோமோ சாக்பீஸ் நிறுவனம் 2015-இல் மூடப்போகிறது என்றதும், கணிதப் பேராசிரியர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிச் சேர்த்துவைத்தார்கள். பிறகு தென்கொரிய நிறுவனம் ஒன்று அதே சாக்பீஸைத் தொடர்ந்து தயாரித்தது. சிராய்க்காமல் ஓடும் கோடு அவ்வளவு முக்கியம். பென்சில் என்றால் 2பி. மெக்கானிக்கல் பென்சிலில் 0.5 மில்லிமீட்டர் முனை அழுத்தி எழுதுபவர்களுக்கு அடிக்கடி ஒடியும், 0.7 தாங்கும். இடக்கைக்காரர்களுக்கு ஜெல் பேனா ஈரம் காயுமுன் தீற்றிவிடும், பால்பாயிண்ட்டே மேல்.

எழுத்தை வேறுபடுத்தும் பழக்கத்தை ஒரு வாரம் செலவிட்டாவது பழகுங்கள். இசட்டின் நடுவே சிறு கோடு, இல்லாவிட்டால் அது 2 ஆகிவிடும். டி-யின் அடியில் வளைவு, இல்லாவிட்டால் அது கூட்டல் குறி. ஐந்தும் எஸ்ஸும், வியும் கிரேக்க நியூவும் இப்படித்தான் கலக்கும். ‘எங்கோ தப்பு, எங்கே என்று தெரியவில்லை’ என்று மணிக்கணக்கில் சோர்ந்துபோவதில் பாதி, படியெடுக்கும்போது மாறிப்போன எழுத்தால் வருவது.

இனி, முட்டி நிற்கும்போது செய்ய வேண்டியது. தேற்றத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சிறிய எண்களைப் போட்டுப்பாருங்கள். மூடிய (இரு முனைகளையும் சேர்த்த) இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு சீரான தொடர்ச்சி உடையது, அதாவது புள்ளிகளை ஒரே அளவுக்கு நெருக்கினால் இடைவெளி முழுக்க மதிப்புகளும் நெருங்கும் என்ற தேற்றத்தில் ‘மூடிய’ என்ற சொல் ஏன் தேவை என்று விளங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். 0-வுக்கும் 1-க்கும் இடையே, முனைகளைச் சேர்க்காமல், தலைகீழ்ச் சார்பை, அதாவது 1/x-ஐ எடுங்கள். 1/10, 1/11 என்ற இரு புள்ளிகளின் தூரம் 1/110. மதிப்புகளோ 10, 11. அடுத்து 1/100, 1/101: தூரம் 1/10100, மதிப்பு வித்தியாசம் அப்போதும் 1. புள்ளிகளின் நெருக்கத்துக்கு வைக்கும் வரம்பான டெல்டாவை எவ்வளவு சிறிதாக எடுத்தாலும் அதைவிட நெருக்கமான இரு புள்ளிகள் மதிப்பில் 1 விலகி நிற்கின்றன. நான்கு வரிதான், ஆனால் கை ஓடத் தொடங்கிவிட்டது. நிபந்தனை எதற்கு என்பதும் கண்ணெதிரே இருக்கிறது. எந்தத் தேற்றத்திலும் ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டு எங்கே உடைகிறது என்று பார்க்கும் இந்தப் பழக்கத்துக்கு ஈடாக வேறொன்றை நான் சொல்ல மாட்டேன்.

நிரூபணம் படிக்கும்போது ஓர் அட்டையால் கீழ் வரிகளை மறைத்து, ஒவ்வொரு வரியாக இறக்குங்கள். இறக்குமுன் அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று தாளில் எழுத வேண்டும். இப்படிப் படித்தால் ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று பக்கம்தான் நகரும். கனமான பாடத்துக்கு அதுவே சரியான வேகம், மந்தம் என்று நினைக்க வேண்டாம். புத்தகம் தானாக மூடிக்கொள்ளாமலிருக்க, வீட்டில் பாராயணத்துக்கு வைத்திருக்கும் சிக்குப்பலகை நன்றாகப் பயன்படும். விளக்கு, எழுதும் கைக்கு எதிர்ப்பக்கம் இருந்தால் கையின் நிழல் எழுத்தில் விழாது.

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற பொமொடோரோ முறை பயிற்சிக் கணக்குகளுக்குப் பொருந்தும். புது நிரூபணத்துக்கு ஒத்துவராது. வரையறைகளையும் குறியீடுகளையும் மனத்தில் ஏற்றவே 15, 20 நிமிடம் ஆகும். ஏற்றிமுடித்த நேரத்தில் மணி அடித்தால் எல்லாம் சரிந்துவிடும். 50 முதல் 90 நிமிடம் தேவை. முதல் ஐந்து நிமிடம் நேற்றைய கடைசி நிரூபணத்தைப் புத்தகம் பார்க்காமல் எழுதுங்கள். நாளுக்கு இப்படி மூன்று அமர்வுக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஹென்றி பொன்கரே காலை 10 முதல் 12, மாலை 5 முதல் 7 என்று நான்கு மணி நேரம்தான் ஆய்வில் உட்கார்ந்தார். மதியம் சோறு சாப்பிட்டபின் புது நிரூபணம் ஏறாது. நேர்த்தியாகப் படியெடுப்பதை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

காபி உட்காருவதற்கு அரை மணி முன். அதன் காஃபின் உடம்பில் பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக் காபியின் பாதி இரவு பதினொன்றுக்கும் இருக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் காலை அமர்வு வீண்.

பாட்டு? சொல் உள்ள பாட்டு கூடாது. குறியீடுகளை மனசுக்குள் வாய்விட்டுத்தான் படிக்கிறோம், அந்த இடத்தைப் பாட்டின் சொல் பிடித்துக்கொள்ளும். தெரிந்த கீர்த்தனையை வீணையில் கேட்டாலும் சாகித்யம் தானாக மனத்தில் ஓடும். தம்புரா ஸ்ருதி மட்டும் போதும், மின்விசிறி சத்தமே போதும் என்பேன். போன் வேறு அறையில் இருக்கட்டும். மணி பார்க்கச் சுவர்க் கடிகாரம், கணக்கிடத் தனிக் கால்குலேட்டர். இணையத்தில் தேடத் தோன்றுவதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவைத்து, அமர்வு முடிந்தபின் மொத்தமாகத் தேடலாம்.

நடக்கப் போவதென்றால் ஒரே ஒரு கேள்வியோடு போங்கள், அதன் நிபந்தனைகளைப் பார்க்காமல் சொல்ல முடிந்த பிறகு. 1843 அக்டோபர் 16 அன்று டப்ளினில் கால்வாயோரம் நடந்தபோது அயர்லாந்துக் கணிதவியலாளர் ஹாமில்டனுக்கு, நான்கு கூறுகளால் ஆன எண்களான நான்மடி எண்களின் (குவாட்டர்னியன்) பெருக்கல் விதி பளிச்சிட்டது. பாலத்துக் கல்லிலேயே அதைக் கீறிவைத்தார். ஆண்டுக்கணக்கில் அந்தக் கேள்வியைச் சுமந்தவர் அவர். வெறும் மனத்தோடு நடந்தால் காற்று வாங்கலாம், அதுவும் நல்லதுதான். சட்டைப்பையில் சீட்டும் குட்டிப் பென்சிலும் இருக்கட்டும்.

எழுந்திருக்குமுன் கடைசித் தாளின் அடியில் ஒரு வரி எழுதுங்கள். ‘மீதி நாளை’ என்று எழுதினால் பயனில்லை. ‘மூன்றாம் வரியில் டெல்டாவைப் பாதியாக்கியது ஏன்? முக்கோணச் சமனிலியைப் போட்டுப் பார்’ என்ற அளவுக்கு, மறுநாள் உட்கார்ந்ததும் பேனா நகரும்படி இருக்க வேண்டும். அந்தத் தாளை மேலே வைத்துக் கிளிப்பை மாட்டுங்கள்.