நாற்பது நிமிடம்

மார்ச் 2, ஞாயிறு

நேற்றிரவு தொலைக்காட்சிப் பெட்டி நின்றுபோனது. ஒலி வருகிறது, படம் இல்லை. கறுத்த திரையின் நடுவே ஒரு நீலக் கோடு மட்டும் மேலிருந்து கீழாக நிற்கிறது. பழுது பார்க்க வந்த தம்பி பின்மூடியைக் கழற்றவே இல்லை. கைப்பேசி வெளிச்சத்தைத் திரையின் ஓரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பேனல் போய்விட்டது சார். மாற்றினால் புதுப்பெட்டி விலையில் முக்கால் பங்கு ஆகிவிடும். நானாக இருந்தால் புதிதுதான் வாங்குவேன்" என்றார்.

நேர்மையான மனிதர். பார்த்ததற்கான கூலியைக்கூட யோசித்துத்தான் கேட்டார். ஆனாலும் அவர் போன பிறகு மனம் ஆறவில்லை. ஏழு வருடம் ஓடிய பெட்டி அது. நான் அன்று கொடுத்த விலையைவிடக் குறைந்த விலைக்கு இன்று அதைவிடப் பெரிய திரை கிடைக்கிறது. எத்தனையோ கைகள் மாறி, கப்பலேறிக் கடல் கடந்து வரும் புதுப்பெட்டி மலிவு. இருக்கிற பெட்டியின் முன்னால் ஒரு மனிதர் அரைநாள் உட்கார்ந்து வேலை பார்ப்பது கட்டுப்படியாகாது. இது எப்படி நியாயம்?

மார்ச் 3, திங்கள்

படம் இல்லாத மாலை நீளமாக இருந்தது. அலமாரியைக் குடைந்தபோது அப்பாவின் கணக்கு நோட்டு ஒன்று அகப்பட்டது. நீல மை, வலது பக்கம் சாயும் எழுத்து, ஒவ்வொரு மாதத்தின் அடியிலும் இரட்டைக் கோடு. ஒரு பக்கத்தில் 'வானொலிப் பெட்டி, தவணை 5/12' என்றிருக்கிறது. ஒரு வானொலிக்குப் பன்னிரண்டு மாதத் தவணை! அதே பக்கத்தில் எங்கள் எல்லோருக்கும் துணி தைத்துக் கொடுத்தவரின் கூலி, சில்லறைச் செலவுகளோடு சேர்ந்து ஒரே வரியாகக் கிடக்கிறது. அவர் பெயர்கூட இல்லை. இன்று ஒரு சட்டையைத் தைக்கக் கொடுத்தால் கூலி, கடையில் தொங்கும் ஆயத்தச் சட்டையின் விலையைத் தாண்டுகிறது.

அப்பாவின் மாதச் செலவில் பாதிக்குமேல் சாப்பாட்டுக்கே போயிருக்கிறது. என் கணக்கில் அது கால் பங்குகூட இல்லை. வருமானம் கூடக்கூட உணவுக்குப் போகும் பங்கு குறையும் என்று எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857லேயே எழுதிவைத்தார். குடும்பங்களின் வரவுசெலவுக் கணக்குகளைப் பார்த்துத்தான் அவர் அந்த முடிவுக்கு வந்தார். அவர் சொன்ன விதியை அப்பாவின் கையெழுத்தில் பார்த்தபோது சிலிர்த்தது.

அப்படியானால் மிச்சப்பட்ட கால் பங்கு எங்கே போகிறது? என் செலவுகளை எழுதிப் பார்த்தேன். பள்ளிக் கட்டணம், மருத்துவர், அம்மாவைக் கவனித்துக்கொள்ள வரும் அக்கா, அப்புறம் மாதாமாதம் தானாகக் கழியும் சின்னச் சின்ன சந்தாக்கள்.

மார்ச் 5, புதன்

அந்த அக்கா இன்று சம்பளத்தைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்டார். கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "அடுத்த வாரம் சொல்கிறேன் அக்கா" என்றேன். தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

அப்போது எனக்குள் எழுந்த முதல் எண்ணத்தை அப்படியே எழுதிவைக்கிறேன். 'போன வருடம் செய்த அதே வேலை, அதே நேரம். எதற்குக் கூடுதல்?' அந்த எண்ணம் இரவுவரை முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. அவர் கேட்ட விதமும்தான்.

மார்ச் 6, வியாழன்

முடி வெட்டும் கடையிலும் கட்டணம் ஏறியிருக்கிறது. கேள்வி கேட்காமல் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கே கேட்கத் தோன்றாத கேள்வி வீட்டில் மட்டும் ஏன் தோன்றியது என்று வழியெல்லாம் யோசனை.

மார்ச் 8, சனி

நண்பரின் குழு போட்ட நாடகத்துக்குப் போயிருந்தேன். சிறிய அரங்கு. அறுபது நாற்காலிகளில் முப்பத்தைந்துதான் நிறைந்திருந்தன. மேடையில் ஒன்பது பேர், விளக்குக்கும் ஒலிக்கும் இரண்டு பேர். டிக்கெட் விலைக்கு, நான் கட்டும் படச் செயலி ஒன்றின் நான்கு மாதச் சந்தா ஆகிவிடும். அந்தச் செயலியில் ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்கின்றன. இங்கே ஒரே ஒரு நாடகம், ஒன்றரை மணிநேரம், நாளைக்கு வேண்டுமென்றால் அவர்கள் திரும்ப நடிக்க வேண்டும்.

இரண்டாம் காட்சியில் ஒரு முதிய நடிகர், மகன் எழுதிய கடிதத்தைப் படிக்கிறார். படித்து முடித்ததும் பேசவில்லை. கடிதத்தை நான்காக மடித்தார். மடிப்பின்மேல் நகத்தை வைத்து அழுத்தி இழுத்தார். அந்தக் காகிதம் தேய்கிற ஒலி ஆறாவது வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது. அரங்கில் ஒருவரும் இருமவில்லை. அப்படி எத்தனை நொடி போயிற்று என்று தெரியாது. அதை வேகமாக ஓட்டிப் பார்க்க என் கையில் பொத்தான் இல்லை, அப்படி ஓட்டியிருந்தால் அங்கே பார்க்க ஒன்றும் இருந்திருக்காது.

முடிந்ததும் நண்பரிடம் பேசினேன். அறுபது நாற்காலியும் நிறைந்தாலும் கையைக் கடிக்குமாம். "ஒத்திகைக்கு மட்டும் ஆறு வாரம். அதை மூன்று வாரமாக்க முடியாது" என்றார். குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார்.

மார்ச் 9, ஞாயிறு

இந்த வாரம் முழுவதும் என்னைத் துரத்திய கேள்விக்குப் பதில் அறுபது வருடமாகப் புத்தகத்தில் இருக்கிறது. வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளியலாளர்கள் 1960களில் நாடக, இசைக் குழுக்களின் வரவுசெலவை ஆராய்ந்தார்கள். 1966இல் அது புத்தகமாக வந்தது. நல்ல கூட்டம் வந்தாலும் இந்தக் குழுக்கள் ஏன் எப்போதும் பணத்தட்டுப்பாட்டில் இருக்கின்றன என்பதே கேள்வி. அவர்கள் கண்ட பதில் நிர்வாகக் கோளாறு அல்ல, வீண்செலவும் அல்ல.

நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும் மேற்கத்திய இசையை எடுத்துக்கொள்வோம். பீத்தோவன் 1826இல் எழுதி முடித்த அப்படிப்பட்ட இசை ஒன்றை வாசிக்க அன்று நான்கு பேர் வேண்டும், ஏறத்தாழ 40 நிமிடம் ஆகும். இன்றும் நான்கு பேர், அதே 40 நிமிடம். மூன்று பேரை வைத்து முடிக்க முடியாது. இருபது நிமிடத்தில் வாசித்தால் அது வேறு ஏதோ ஒன்று. இதற்கிடையில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி ஒரு மணிநேரத்தில் செய்து முடிக்கும் பொருளின் அளவோ பல மடங்கு பெருகிவிட்டது. ஆகவே பொருளின் விலையைக் கூட்டாமலே அவருக்குச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுக்க முடிகிறது. இசைக் கலைஞருக்கு மட்டும் 1826ஆம் வருடத்துச் சம்பளம் கொடுத்தால் என்ன ஆகும்? அவர் வயலினைப் பெட்டியில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போவார். அவரை நிறுத்திவைக்க வேண்டுமென்றால் மற்றவர்களுக்கு ஏறுகிற மாதிரி அவருக்கும் ஏற வேண்டும். ஆனால் அவர் தரும் இசை கூடவில்லை. அதனால் கச்சேரியின் விலை ஏறுகிறது.

இதைத்தான் 'செலவு நோய்' என்று சொல்கிறார்கள். பெயரில் நோய் இருந்தாலும் யாருடைய உடம்பிலும் கோளாறு இல்லை. ஆசிரியர், மருத்துவர், செவிலியர், முடி வெட்டுபவர், என் பெட்டியைப் பார்க்க வந்த தம்பி, நடிகர்கள் எல்லோரும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

அம்மாவைக் குளிப்பாட்டித் துடைத்து, உடை மாற்றி, தலை சீவி நாற்காலியில் உட்கார வைக்க அக்காவுக்கு 40 நிமிடம் ஆகிறது. இன்று கதவுக்கு வெளியே நின்று பார்த்துக் குறித்துக்கொண்டேன். 'அதே வேலை, அதே நேரம்' என்று புதன்கிழமை நினைத்தேன் அல்லவா. அதே வேலையாக, அதே நேரமாக இருப்பதுதான் காரணமே. அதைக் குறையாக நினைத்தது என் தவறு.

மார்ச் 10, திங்கள்

நேற்று எழுதியதில் ஒரு விடுபடல். கூலி தானாக ஏறிவிடும் என்பதுபோல எழுதிவிட்டேன். அது நடப்பது, அந்த மனிதருக்குப் போவதற்கு வேறு வேலை இருந்தால்தான். வேறு வழி இல்லாதவருக்கு ஊரே பணக்காரராக ஆனாலும் கூலி அடியிலேயே கிடக்கும். அப்பாவின் நோட்டில் பெயரில்லாமல் கிடக்கிற தையற்காரருக்கு அன்று வேறு எங்கே போக இடம் இருந்திருக்கும்? அந்த மலிவை நாங்கள் வசதி என்று அனுபவித்தோம்.

பாமோலே ஓர் ஆறுதலும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தொழிற்சாலைப் பொருள்கள் மலிவாகிக்கொண்டே போவதால் ஒரு சமூகத்தின் மொத்தச் செல்வம் பெருகுகிறது, ஆகவே விலை ஏறினாலும் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் கலைக்கும் கொடுக்க அதனால் முடியும் என்பது அவர் வாதம். இது நம்முடைய வீட்டுக்கும் பொருந்தும். எனக்கு வசதி இல்லாமல் போகவில்லை. திரை மலிவானதால் மிச்சமான பணம் இன்னும் நிறைய திரைகளுக்கே போயிருக்கிறது.

மார்ச் 12, புதன்

சந்தாக்களை உட்கார்ந்து எண்ணினேன். ஐந்து. அவற்றில் மூன்றை நான்கு மாதமாக யாரும் திறக்கவே இல்லை. சேர்வதற்கு ஒரு தொடுதல் போதுமாக இருந்தது. விலகுவதற்கு ஏழு பக்கம் தாண்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் 'நிச்சயமாகவா?' என்ற கேள்வி, விலகும் பொத்தான் சாம்பல் நிறத்தில், தொடரும் பொத்தான் பளிச்சென்று. எனக்குக் கோபம் வந்தது. மனிதர்களின் மறதியை வருமானமாகக் கணக்கிட்டுத் தொழில் நடத்துவது தவறு என்றே நினைக்கிறேன்.

தகவல் பெருகப் பெருகக் கவனம் வறண்டுபோகும் என்ற பொருளில் ஹெர்பர்ட் சைமன் என்ற அமெரிக்க அறிஞர் 1971இல் எழுதினார். வீட்டில் ஒரே ஒரு தொலைக்காட்சிகூட இல்லாத குடும்பங்கள் உலகில் ஏராளமாக இருந்த காலம் அது.

நிறுத்திய மூன்று சந்தாக்களும் சேர்ந்து அக்கா கேட்ட தொகையில் பாதிகூட வரவில்லை. மீதிக்கு, புதுப்பெட்டி வாங்குவதை ஒரு வருடம் தள்ளிப்போடுகிறேன். மகளுக்கு வருத்தம்தான். கணினியில் பார்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொன்னேன். முழுதாக ஏற்கவில்லை, ஏற்க வேண்டும் என்றும் இல்லை.

மார்ச் 13, வியாழன்

இரவு எட்டு மணிக்கு மின்சாரம் போய்த் திரும்பி வந்தது. விளக்கு எரிந்ததும் நினைவுக்கு வந்தது: வில்லியம் நோர்ட்ஹாஸ் என்ற பொருளியலாளர் வெளிச்சத்தின் விலையை உழைப்பு நேரத்தில் கணக்கிட்டிருக்கிறார். இன்றைய சாதாரண விளக்கு ஒன்று ஒரு மணிநேரம் தரும் அளவு வெளிச்சத்துக்கு 1800ஆம் ஆண்டில் ஒருவர் ஐந்து மணிநேரம் உழைக்க வேண்டியிருந்தது. 1992இல் அதற்கு அரை நொடி உழைப்பே போதுமானது. எத்தனை பெரிய கொடை! அம்மாவின் அறை விளக்கை இனி இரவு முழுவதும் அணைப்பதாக இல்லை, அவருக்கு இருட்டு பயம்.

மார்ச் 14, வெள்ளி

காலையில் அக்கா வந்ததும், செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டேன். "நீங்கள் கேட்டது சரிதான் அக்கா. இந்த மாதத்திலிருந்தே." ஒரு கணம் நின்றார். "பிள்ளைக்குக் கட்டணம் கட்ட வேண்டும் தம்பி, அதனால்தான் கேட்டேன்" என்றார். காரணம் சொல்லத் தேவையில்லை என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் உள்ளே போய்விட்டார்.

இன்று கதவுக்கு வெளியே நிற்கவில்லை. துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். தலையைத் துவட்டியபின் அக்கா சீப்பை எடுத்தார். சிக்கு விழுந்த இடத்தில் முடியின் வேரை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தார். வேர் இழுபடவே இல்லை. இத்தனை வருடத்தில் நான் ஒருநாளும் அப்படிச் சீவிவிட்டதில்லை.

"மெதுவாகச் சீவும்மா" என்றார் அம்மா, கண்ணை மூடிக்கொண்டு. வலிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"சரிம்மா" என்றார் அக்கா. சீப்பில் சுற்றிய முடியை எடுத்து விரலில் சுருட்டி வைத்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இன்று ஐம்பது நிமிடம் ஆனது.